சீலிங் ஃபேன் விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றும்போது எந்த வயரில் கொடுப்பது?

ஈரோடு_மாடிவீடு (கேள்வி)

வணக்கம். ஹாலில் நாலு கை விளக்கு வைத்த சீலிங் ஃபேன் இருக்கிறது. இதுவரை ஒவ்வொரு கையிலும் 60 வாட் குண்டு பல்பு. இப்போது எல்.இ.டி.க்கு மாற்றுகிறோம். 24 வாட் வட்டத் தட்டு, டிரைவர் (எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் சின்னப் பெட்டி) தனியாக வருவது, வாங்கி வைத்தாகிவிட்டது.

விளக்குக்குத் தனி சுவிட்ச் கிடையாது. ஃபேன் சுவிட்சைப் போட்டு, கீழே தொங்கும் சங்கிலியை இழுத்தால்தான் எரியும். ரெகுலேட்டரை 1, 2-ல் வைத்தால் குண்டு பல்பு மங்கும், அவ்வளவுதான். சோதனைக்கு ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு மாட்டிப் பார்த்தால் 5-ல் நன்றாக எரிகிறது, 1-லும் 2-லும் துடிக்கிறது. தட்டை மாட்டினால் இன்னும் மோசம்.

கூரையில் வரும் வயர் மூன்று: சிவப்பு, கறுப்பு, பச்சை. பச்சை சுவிட்ச் போர்டில் எதிலும் சேராமல் வெட்டி விடப்பட்டிருக்கிறது. 1998-ல் கட்டிய வீடு, மூணு பேஸ் சர்வீஸ். ஹால் ஃபேன் இன்வெர்ட்டர் லைனில். போர்டில் இருப்பது சுற்றும் குமிழ் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர்.

விளக்குக்கு 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போதுமா, 1.5 வேண்டுமா? சும்மா கிடக்கும் பச்சை வயரையே விளக்குக்குப் பேஸாக (கரண்ட் வரும் வயராக) பயன்படுத்தலாம் என்கிறார் வந்து பார்த்த எலக்ட்ரீசியன். சரியா? பைப்பில் புது வயர் போகவே போகாது என்றால் ரிமோட் போர்டு வைத்துச் சமாளிக்கலாமா?

---

வயரிங்_சேலம்

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். நாலு 60 வாட் பல்பு 240 வாட், ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். 24 வாட் தட்டு 0.12 ஆம்பியர் இழுக்கும். பவர் ஃபேக்டர் மோசமான மலிவு டிரைவராக இருந்தாலும் 0.2-தான். பழைய வயர் தாங்கியதில் கால்வாசிகூட இல்லை. அதனால் கரண்டுக்காகப் பருமன் பார்க்கத் தேவையில்லை. 1 ஸ்கொயர் செம்பு, எஃப்.ஆர். (தீ பரவாத தோல்), 1100 வோல்ட், ஐ.எஸ். 694 முத்திரை உள்ளது போதும். ஹாலில் வேறு விளக்குக்கு 1.5 வாங்கி மிச்சம் இருந்தால் அதையே இழுங்கள், தப்பில்லை. அரை ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் மட்டும் பைப்புக்குள் வேண்டாம். கரண்டைத் தாங்கும், இழுக்கும்போது உரசலைத் தாங்காது.

பருமனை விட, விளக்குக்கான பேஸ் எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் முக்கியம். இப்போது உங்கள் விளக்கு ரெகுலேட்டர் தாண்டிய வயரில் தொங்குகிறது. குண்டு பல்பு அதைப் பொறுத்துக்கொண்டது, எல்.இ.டி. பொறுக்காது. ஃபேன் சுவிட்சுக்கு உள்ளே வரும் பேஸிலிருந்து ஒரு சின்ன லூப் எடுத்து, புதிதாக ஒரு 6 ஆம்பியர் ஒன்வே சுவிட்சுக்குக் கொடுங்கள். அந்தச் சுவிட்சின் அடுத்த முனையிலிருந்து தனி வயர் நேராக ஃபேன் கப்புக்கு (கூரையோடு ஒட்டிய மூடிக்கு) போகட்டும். நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்) ஃபேனுக்கும் விளக்குக்கும் ஒன்றே போதும், கறுப்பு வயர் ஒன்றிலேயே இரண்டும் சேரலாம். ஆகக் கூரையில் நாலு வயர் வேண்டும்: ஃபேன் பேஸ், விளக்குப் பேஸ், நியூட்ரல், எர்த்.

பச்சை வயர் யோசனையை விட்டுவிடுங்கள். இன்று வேலை செய்யும், சந்தேகமில்லை. நாளைக்கு ஃபேனைக் கழற்ற வருபவர் பச்சையைப் பார்த்ததும் எர்த் என்று நம்பி ஃபேன் பாடியில் முறுக்கிவிடுவார். விளக்குச் சுவிட்சைப் போட்ட நொடியில் பாடி முழுக்க 230 வோல்ட். பச்சையில் கறுப்பு டேப் சுற்றி அடையாளம் வைக்கலாம் என்பார்கள். நம் ஊர்க் கூரைச் சூட்டில் டேப் பசை காய்ந்து, ரெண்டு கோடை தாண்டுவதற்குள் உதிர்ந்துவிடும். அதோடு உலோக ஃபேனுக்கு எர்த்தே இல்லாமல் போகும்.

பச்சைக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் உங்கள் இழுவைக் கயிறு. புது வயரை அதன் நுனியில் கட்டி இழுங்கள்.

---

டிரைவர்_பெஞ்ச்

சேலம் அண்ணன் சொன்னதே சரி. துடிப்பதற்கான காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். காரணம் புரியாவிட்டால் "நல்ல கம்பெனி பல்பு போட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள்.

ஸ்டெப் ரெகுலேட்டருக்குள் இருப்பது கண்டன்சர்கள். ஃபேனுக்கு வரிசையாக ஒரு கண்டன்சரைச் சேர்ப்பதால்தான் வேகம் குறைகிறது. குறைந்த ஸ்டெப்பில் 2.2 மைக்ரோஃபாரட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸில் அதன் தடை சுமார் 1450 ஓம். கடைசி முனையை ஷார்ட் செய்தாலே 0.16 ஆம்பியருக்கு மேல் விடாது. அதன் வழியே குண்டு பல்பு மாதிரி சுமைக்குத் தர முடிந்த அதிகபட்சம் 18 வாட், அதிலும் ஃபேன் பங்கு கேட்கும். உங்கள் தட்டுக்கு 24 வாட் வேண்டும். டிரைவர் எழுந்திருக்கும், கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் விழும், டிரைவர் அணையும், வோல்டேஜ் ஏறும், மறுபடி எழும். அதுதான் அந்தத் துடிப்பு. எந்த கம்பெனியாக இருந்தாலும் இதே கதைதான்.

குண்டு பல்புக்கும் டிரைவருக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இது: வோல்டேஜ் குறைந்தால் குண்டு பல்பு குறைவாக இழுக்கும். டிரைவர் தன் வாட்டை விடாமல் பிடிக்கப் பார்த்துக் கரண்டை இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால் விளக்கைப் போட்டால் ஃபேன் வேகமும் மாறும், கவனித்துப் பாருங்கள். டிரையாக் (எலக்ட்ரானிக் சுவிட்ச்) வைத்த டிம்மர் வகை ரெகுலேட்டர் என்றால் இன்னும் மோசம். அலையை நறுக்கி அனுப்பும், ஒவ்வொரு நறுக்கிலும் டிரைவரின் உள்ளீட்டுக் கண்டன்சர் குபுக்கென்று கரண்ட் வாங்கும்.

5-ல் நன்றாக எரிகிறதே, எப்போதும் 5-லேயே வைத்துக்கொள்கிறோம் என்று நினைக்க வேண்டாம். ஃபேனும் விளக்கும் ஒரே சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும்வரை, சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு தடவையும் ஃபேன் காயிலில் எழும் வோல்டேஜ் உதை பக்கத்தில் இருக்கும் டிரைவருக்குள்தான் போகும். டிரைவர் வாயிலில் இருக்கும் வேரிஸ்டர் (வோல்டேஜ் எகிறலை உறிஞ்சும் பாகம்) கொஞ்ச காலம் வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட இணைப்பிலிருந்து கழற்றி வரும் டிரைவர்களில் உள்ளீட்டுப் பக்கம்தான் வெடித்திருக்கும், எல்.இ.டி. தட்டு நன்றாகவே இருக்கும்.

தட்டு பற்றி ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் நாலு கையையும் கழற்றியிருக்க மாட்டேன். ஹோல்டரை மட்டும் புதிதாகப் போட்டு, நாலு 7 வாட் பல்பு மாட்டியிருப்பேன். 60 வாட் குண்டு பல்பு ஒன்று 700 லூமன் கொடுக்கும். நல்ல 7 வாட் எல்.இ.டி. அதே வெளிச்சம் தரும். ஒன்று போனால் பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். தட்டு போனால் அதே அளவு, அதே கரண்ட் டிரைவர் தேட வேண்டும். ஆனால் உங்கள் கண்ணாடிக் கிண்ணம் வாய் மூடியதாக இருந்தால் தட்டே மேல். மூடிய கிண்ணத்துக்குள் பல்பின் கழுத்தில் சூடு தங்கி, அங்கே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர் சீக்கிரம் உலரும். 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும்.

தட்டுதான் என்றால் டிரைவர் லேபிளில் இரண்டு எண்ணை இப்போதே எழுதி வையுங்கள்: வெளியீட்டுக் கரண்ட், வெளியீட்டு வோல்டேஜ் எல்லை. "300 மில்லி ஆம்பியர், 50 முதல் 80 வோல்ட் டி.சி." என்பது மாதிரி இருக்கும். பின்னாளில் டிரைவர் மட்டும் மாற்றும்போது கரண்ட் அப்படியே பொருந்த வேண்டும், தட்டின் வோல்டேஜ் அந்த எல்லைக்குள் விழ வேண்டும். வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் தட்டு கருகும், அல்லது பாதி வெளிச்சத்தில் நிற்கும்.

---

இன்வெர்ட்டர்_மதுரை

மூணு பேஸ் சர்வீஸ், இன்வெர்ட்டர் என்று ரெண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். இங்கேதான் உயிர் ஆபத்து.

விளக்குக்குப் பேஸ் எடுக்கும்போது "பக்கத்து போர்டில் சுவிட்ச் காலியா இருக்கு, அங்கேயிருந்து எடுத்துடலாம்" என்று செய்வார்கள். பக்கத்து அறை வேறு பேஸில் இருந்தால், ஒரே ஃபேன் கப்புக்குள் ஒரு வயர் ஆர் பேஸ், இன்னொன்று ஒய் பேஸ். இரண்டுக்கும் நடுவே 230 இல்லை, 400 வோல்ட்டுக்கு மேல். அந்த இடத்தில் கனெக்டர் கொஞ்சம் தளர்ந்தாலே போதும். மீட்டரில் பார்க்க எளிது: இரண்டு பேஸ் வயருக்கும் நடுவே ஏ.சி. வோல்ட் வைத்துப் பாருங்கள். சுழி அல்லது அதற்குப் பக்கம் காட்டினால் ஒரே பேஸ். 400 பக்கம் காட்டினால் அந்த போர்டைத் தொடாதீர்கள்.

ஃபேன் இன்வெர்ட்டர் லைனில் இருப்பதால், விளக்கும் அதே இன்வெர்ட்டர் லைனிலிருந்தே வர வேண்டும். விளக்கை நேரடி இ.பி. லைனிலும் ஃபேனை இன்வெர்ட்டரிலும் வைத்தால் கப்புக்குள் இரண்டு தனித்தனி சப்ளை. பேட்டரி தீரக்கூடாது என்று விளக்கை மட்டும் பிரிப்பவர்கள் உண்டு. 24 வாட்டுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிற வீடு என்றால் இன்னொன்றும் வரும்: பேஸ் ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போய், நியூட்ரல் வேறு ஒன்றின் வழியாகத் திரும்பினால், விளக்கைப் போட்டதும் டிரிப் ஆகும். 24 வாட் என்பது 100 மில்லி ஆம்பியருக்கு மேல், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சும்மா இருக்காது. எங்கோ லீக்கேஜ் என்று நாள் முழுக்கத் தேடுவார்கள். லீக்கேஜ் எதுவும் இருக்காது, நியூட்ரல் தப்பான இடத்தில் சேர்ந்திருக்கும்.

வேலை தொடங்கும் முன்: மெயினை ஆஃப் செய்தால் மட்டும் ஹால் ஃபேன் லைன் சாகாது. மெயின் போனதும் கரண்ட் கட் என்று நினைத்து இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும், ஏணியில் இருக்கும் ஆளுக்கு 230 வோல்ட் தயாராக இருக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை அணையுங்கள், அதன் வெளியீட்டு எம்.சி.பி.யையும் இறக்குங்கள். சில வீடுகளில் இன்வெர்ட்டரில் பைபாஸ் சுவிட்ச் இருக்கும், அதனால் மெயினையும் சேர்த்தே இறக்கி வையுங்கள்.

டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை நம்பி வயரைப் பிடிக்காதீர்கள். நியூட்ரல் அறுந்த லைனிலும், பக்கத்து வயர் தூண்டலிலும் எரியும். டெஸ்டரே கெட்டிருந்தால் உயிருள்ள வயரிலும் எரியாது. ஒரு ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, இரண்டு வயர்: இந்த டெஸ்ட் லேம்ப்தான் பொய் சொல்லாது. முதலில் உயிருள்ள ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள், பிறகு ஃபேன் கப்பில் வைத்துப் பாருங்கள், மறுபடி அந்த பிளக்கில் பாருங்கள்.

---

ஈரோடு_மாடிவீடு

எல்லாருக்கும் நன்றி. மீட்டரில் பார்த்துவிட்டேன். ஹால் போர்டில் இருக்கும் எல்லா இன்வெர்ட்டர் பாயிண்டும் ஒரே பேஸ்தான். போர்டில் ஒரு சுவிட்ச் இடமும் காலி. பச்சை வயரைப் போர்டு பக்கம் இழுத்துப் பார்த்தால் ஃபேன் பக்கம் லேசாக அசைகிறது. எப்படி இழுப்பது, எவ்வளவு வயர் வாங்குவது? எர்த் எங்கே சேர்ப்பது?

---

வயரிங்_சேலம்

அசைகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. பைப் நசுங்கவில்லை, சிமெண்ட் உள்ளே போகவில்லை.

நீளம்: ஹால் நடுவிலிருந்து சுவர் வரை, சுவரில் கூரையிலிருந்து போர்டு வரை, அதோடு மேலே அரை மீட்டர், போர்டில் கால் மீட்டர். சாதாரண ஹாலுக்கு ஒரு வயருக்கு 6 மீட்டர் வரும். 90 மீட்டர் காயில் தேவையில்லை, கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பழைய கடைகளில் "3/22" என்று கேட்டால்தான் புரியும், ஏறத்தாழ 1 ஸ்கொயர் பருமன்தான். விளக்குப் பேஸுக்குச் சிவப்பு 6 மீட்டர், எர்த்துக்குப் பச்சை 6 மீட்டர். இரண்டு சிவப்பு குழப்பும் என்றால் விளக்கு வயரின் இரண்டு நுனியிலும் மஞ்சள் ஸ்லீவ் மாட்டுங்கள். முழு வயரையும் மஞ்சளில் வாங்காதீர்கள், மூணு பேஸ் வீட்டில் மஞ்சள் என்றால் ஒய் பேஸ் என்று படிப்பார்கள்.

வயர் வாங்கும் முன் பழைய சிவப்பு, கறுப்பு வயரின் நுனியை ஒரு முறை மடித்துப் பாருங்கள். 1998 வயர், அதன் மேல் இத்தனை வருஷமாக நாலு குண்டு பல்பின் சூடு. தோல் வெடித்தால் அல்லது பொடிந்தால் நாலையும் புதிதாக இழுத்துவிடுங்கள். ஒரே இழுவையில் போய்விடும், 20 மில்லி பைப்பில் 1 ஸ்கொயர் நாலு தாராளம்.

இழுப்பதற்கு: புது வயர்களின் நுனியில் 5 சென்டிமீட்டர் தோலை உரித்து, கம்பிகளை ஒரே இடத்தில் சேர்க்காமல் முன்பின்னாகப் பச்சை வயரில் கொக்கி போட்டு முறுக்குங்கள். அப்போதுதான் முடிச்சு ஊசி முனை போல மெலிந்து வரும், வளைவில் மாட்டாது. மேலே டேப், அதன் மேல் முகப்பவுடர். எண்ணெயோ கிரீஸோ கூடாது, பி.வி.சி. தோலைக் கெடுக்கும். ஒருவர் ஃபேன் பக்கம் வயரைத் திருகாமல் ஊட்ட, இன்னொருவர் போர்டில் இழுக்க வேண்டும். நடுவே சுவரில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் மூடியைத் திறந்து இரண்டு கட்டமாக இழுங்கள். அதைத் தெரியாமல் ஒரே மூச்சில் இழுத்துத்தான் பச்சை அறுந்து, வழியே போய்விடும். மாட்டினால் பலம் காட்டாதீர்கள். ஒரு ஜாண் பின்னால் விட்டு மறுபடி இழுங்கள்.

போர்டில் எர்த்தை 5 பின் சாக்கெட்டின் எர்த் முனையில் சேர்க்கலாம், அந்தச் சாக்கெட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். ஆர்.சி.சி.பி. இருந்தால் அந்தச் சோதனையில் டிரிப் ஆகும், அதுவே எர்த் இருப்பதற்கு அடையாளம். மங்கலாக எரிந்தால் எர்த் குழியைப் பாருங்கள்.

கப்புக்குள் வரும் இணைப்பில்தான் நிறையப் பேர் சொதப்புவார்கள். ஃபேன் நாள் முழுக்க அதிரும் பொருள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது அங்கே ஆகாது. திருகு கனெக்டர் என்றால் மல்டி ஸ்ட்ராண்ட் நுனியில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் திருகு ஒவ்வொரு இழையாக வெட்டும். லீவர் வைத்த ஸ்பிரிங் கனெக்டர் கிடைத்தால் அதுவே நல்லது. ராடு வாயில் வயர் நுழையும் இடம் வெட்டுக்கத்தி மாதிரி இருக்கும். அங்கே இரண்டு அங்குலம் ஸ்லீவ் போடாமல் விடாதீர்கள். ஃபேனோடு வந்த வயர் நிறத்தை நம்பாதீர்கள், விளக்கு வைத்த ஃபேன்களில் நீலம் சிலதில் விளக்கு, சிலதில் நியூட்ரல். விளக்குக் கூண்டிலிருந்து மேலே வரும் வயரை மீட்டரில் தொடர்ச்சி பார்த்து அடையாளம் கண்டபிறகு சேருங்கள்.

சங்கிலி சுவிட்சை எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடுங்கள். இரண்டு சுவிட்ச் வரிசையில் இருந்தால் யாராவது சங்கிலியை இழுத்து அணைத்துவிட்டு, விளக்கு போய்விட்டது என்று ஆள் கூப்பிடுவார்கள்.

சக்தி கொடுக்கும் முன், தட்டையும் டிரைவரையும் கழற்றி வைத்துவிட்டு, ஃபேனும் சேராமல், 500 வோல்ட் மெக்கரில் (வயர் தோலின் காப்பை அளக்கும் மீட்டர்) ஒவ்வொரு வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயர் என்றால் அதைவிட எவ்வளவோ மேலே காட்டும். குறைந்தால் இழுக்கும்போது எங்கோ தோல் உரிந்திருக்கிறது. லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் மெக்கர் இருக்கும். இல்லாதவரை இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம்.

---

டிரைவர்_பெஞ்ச்

எர்த் பற்றி ஒரு வரி. தட்டிலேயே டிரைவர் ஒட்டிய வகை சந்தையில் நிறைய வருகிறது, அதில் மெயின் வோல்டேஜுக்கும் அலுமினியத் தட்டுக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒரு பூச்சு மட்டும். அது துளைபட்டால் ஃபேன் பாடி உயிராகும். அந்த வகைக்கு எர்த் கட்டாயம். உங்களுடையது தனி டிரைவர் என்பதால் கொஞ்சம் மேல், இருந்தாலும் எர்த்தை விடாதீர்கள்.

ஒட்டிய டிரைவர் வகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மலிவானவை 100 ஹெர்ட்ஸில் மின்னும். விளக்கு றெக்கைக்குக் கீழே இருந்தாலும், சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் றெக்கை நின்றது போலவும் பின்னால் சுற்றுவது போலவும் தெரியும். போன் கேமராவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்தத் தட்டைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

டிரைவரை விளக்குக் கூண்டிலேயே வையுங்கள், மேலே கப்பில் வேண்டாம். கப்பில் ஃபேன் கண்டன்சர், கனெக்டர் எல்லாம் நெருக்கியடிக்கும், கோடையில் கான்கிரீட் சூடும் அங்கேதான் இறங்கும். கூண்டிலும் எல்.இ.டி.க்கு நேர் முதுகில் ஒட்டாமல் ஓரமாக வையுங்கள்.

---

இன்வெர்ட்டர்_மதுரை

ரிமோட் பற்றி யாரும் சொல்லவில்லையே. உங்களுக்கு வயர் போகிறது, அதனால் தேவையில்லை. பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கூரையில் இரண்டே வயர், பைப் அடைத்துவிட்டது என்றால் கப்புக்குள் ரிமோட் ரிசீவர் வைப்பது ஒரு நேர்மையான வழி. சுவரிலிருந்து வரும் பேஸும் நியூட்ரலும் ரிசீவருக்குள் போகும். ரிசீவரிலிருந்து ஃபேனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, பொது நியூட்ரல் ஒன்று வெளியே வரும். ஃபேனின் சொந்தக் கண்டன்சரைத் தொட வேண்டாம். இதற்குக் கட்டாயமான நிபந்தனை: சுவர் ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் இரண்டு வயரையும் நேராக இணைத்து, அந்த இடத்தில் வெற்று மூடி போட வேண்டும். "5-ல் வைத்துவிட்டால் போதும்" என்று விட்டால் வீட்டில் ஒரு குழந்தை அதைத் திருகும், அன்றைக்கு ரிசீவர் போகும். பி.எல்.டி.சி. (உள்ளேயே எலக்ட்ரானிக் போர்டு உள்ள) ஃபேனுக்கும் இதே விதி.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: வேகக் கட்டுப்பாடு கண்டன்சர் வகையா, டிரையாக் வகையா? டிரையாக் என்றால் சாதாரண ஃபேன் குறைந்த வேகத்தில் முனகும். விளக்கு வெளியீடு ரிலே என்றால் எந்த எல்.இ.டி.யும் சேரும். டிம்மர் என்றால் டிம் ஆகும் எல்.இ.டி.தான் வாங்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் என்ன நிலையில் எழுகிறது என்பதையும் கேளுங்கள். சிலது விளக்கைப் போட்டபடி எழும். இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் படுக்கையறை முழுக்க வெளிச்சம். இன்ஃப்ராரெட் வகைக்குக் கண் வெளியே தெரிய வேண்டும். ரேடியோ வகைக்கு ஆண்டெனா வயரைச் சுருட்டி உலோகக் கப்புக்குள் திணிக்காதீர்கள்.

பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ரிசீவரை யோசித்து வாங்குங்கள். பல ரிசீவர்களின் உள் சப்ளை ஒரு கண்டன்சர் வழியாகத்தான் இறங்குகிறது. சதுர அலையின் கூர் முனையில் அது கணக்குக்கு மேல் கரண்ட் விடும், ஜீனர் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் டையோடு) சூடாகிப் போகும். சைன் வேவ் என்றால் கவலையில்லை.

---

ஈரோடு_மாடிவீடு

நாலு வயரும் புதிதாக இழுத்தாகிவிட்டது (பழைய கறுப்பு மடித்ததும் வெடித்தது). ஃபேன் எந்த வேகத்திலும் விளக்கு துடிக்கவில்லை. ஒரே ஒரு பிரச்சினை: விளக்குச் சுவிட்சை அணைத்த பிறகும் இருட்டில் தட்டு லேசாக மினுங்குகிறது. சில சமயம் சில விநாடிக்கு ஒரு முறை பளிச்சென்று வெட்டுகிறது. சுவிட்சில் சின்ன சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறது.

---

டிரைவர்_பெஞ்ச்

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: சுவிட்ச் பேஸைத்தான் வெட்டுகிறதா? சுவிட்சை அணைத்து, கப்பில் விளக்கு வயருக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வையுங்கள். முழுதாக எரிந்தால் சுவிட்சில் நியூட்ரல் மாட்டப்பட்டிருக்கிறது, அதை மாற்றாமல் மேலே படிக்க வேண்டாம்.

எரியவில்லை என்றால் அந்தச் சிவப்பு இண்டிகேட்டர்தான். சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே நியான் (சின்ன விளக்கு) வைத்த வகை அது. அணைத்திருக்கும்போது அந்த நியான் எரிய வேண்டுமென்றால், அதன் கரண்ட் உங்கள் டிரைவர் வழியாகத்தான் நியூட்ரலுக்குப் போக வேண்டும். ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான், ஆனால் டிரைவரின் உள்ளீட்டுக் கண்டன்சர் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்து, எழுந்திருக்கும் அளவு வந்ததும் ஒரு முறை எல்.இ.டி.யைத் தட்டிவிட்டு விழும். சில விநாடிக்கு ஒரு வெட்டு என்பது அதுதான். குண்டு பல்பு காலத்தில் இதே இண்டிகேட்டர் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தக் கரண்டில் இழை சிவக்காது.

சுலபமான வழி, இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச். இண்டிகேட்டர் வேண்டும் என்றால் விளக்குக் கூண்டில், டிரைவர் உள்ளீட்டின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏ.சி., எக்ஸ்2 வகைக் (மெயினுக்குக் குறுக்கே போடவென்றே செய்த) கண்டன்சர் ஒன்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் அது சுமார் 32 கிலோ ஓம். நியானின் ஒரு மில்லி ஆம்பியர் அதன் வழியே போனால் டிரைவர் முன்னால் 32 வோல்ட்டுக்கு மேல் ஏறாது, டிரைவர் எழாது. எக்ஸ்2 என்று அச்சிட்டிருப்பது முக்கியம். 400 வோல்ட் டி.சி. சாதாரண பாலியெஸ்டர் கண்டன்சரை ஏ.சி. மெயினுக்குக் குறுக்கே போட்டால் ஒருநாள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். கால்களுக்கு ஸ்லீவ் போட்டு, தனியாக ஆடாமல் கூண்டில் கட்டி வையுங்கள்.

சுவிட்சை மட்டும் மாற்றிய பிறகும் மிக மெல்லிய மினுங்கல் மிச்சம் இருந்தால், அது விளக்கு வயரும் ஃபேன் பேஸும் ஒரே பைப்பில் ஒட்டிப் போவதால் வரும் தூண்டல். அதற்கும் இதே கண்டன்சர்தான் மருந்து, இரண்டாவது ஒன்று தேவைப்படாது.

---

வயரிங்_சேலம்

தட்டு மாட்டிய பிறகு, ஃபேனை 5-ல் அரை மணி ஓடவிட்டு அணைத்து, லைனை முன்போலவே இன்வெர்ட்டரோடு சேர்த்துக் கொன்றுவிட்டு, கப்பை இறக்கிக் கனெக்டர் திருகுகளை ஒரு முறை இறுக்கிவிடுங்கள். புது வயரின் செம்பு முதல் அதிர்விலேயே கொஞ்சம் அமுங்கும். கொக்கி போல்ட்டின் ஸ்பிளிட் பின்னையும் அப்போதே பாருங்கள். விளக்கு வேலைக்காக ஃபேனை இறக்கினவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறப்பார்கள்.